டப்பாவில் குறைந்தது, ரத்தத்தில் ஏறவில்லை

மருந்துச் சோதனைகளில் காலங்காலமாக இருக்கும் ஒரு வழக்கம், மிச்ச மாத்திரையை எண்ணுவது. போன மாதம் 30 கொடுத்தோம், இன்று 2 திரும்பி வந்திருக்கிறது, ஆகவே 28 உள்ளே போயிருக்கிறது. தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே நாடுகளில் 5,029 பெண்களைச் சேர்த்து நடந்த ‘வாய்ஸ்’ ஆய்விலும் இப்படித்தான் எண்ணினார்கள். திரும்பி வந்த மாத்திரைகளையும் ஜெல் குழல்களையும் எண்ணியதில் 86 சதவீதம் பயன்பட்டதாகக் கணக்கு வந்தது. பெண்களையே கேட்டதில் 90 சதவீதம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க இதைவிட நல்ல கணக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் தொற்று குறையவில்லை. ஆண்டுக்கு 100 பேரில் 5.7 பேர் என்ற வேகத்தில் 312 பெண்களுக்குப் புதிதாக எச்.ஐ.வி. வந்தது. சேமித்து வைத்திருந்த ரத்தத்தை எடுத்து மருந்து இருக்கிறதா என்று தேடியபோதுதான் விஷயம் புரிந்தது. டெனோஃபோவிர் என்ற தடுப்பு மருந்து மாத்திரை வாங்கியவர்களின் மாதிரிகளில் 30 சதவீதத்தில்தான் மருந்து இருந்தது. இரண்டு மருந்து சேர்ந்த மாத்திரையில் 29, ஜெல்லில் 25. டெனோஃபோவிர் பிரிவில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களின் ரத்தத்தில் ஒரு முறைகூட மருந்து தட்டுப்படவில்லை. கிளினிக்குக்கு வரும்முன் மிச்சத்தைக் கொட்டிவிட்டு வெறும் டப்பாவை நீட்டியவர்கள் இருந்தார்கள்.

இதைப் படித்ததும் அந்தப் பெண்கள் மேல் கோபப்படுவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர்கள் பொய் சொன்னதற்குக் காரணம் உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் கணக்கு.

பிரெப் என்று சுருக்கமாகச் சொல்லும் இந்தத் தடுப்பு முறையில், தொற்று இல்லாதவர் தொற்று வரும்முன்பே மருந்து எடுத்துக்கொள்கிறார். பரவலாக இருப்பது 300 மில்லிகிராம் டெனோஃபோவிர், 200 மில்லிகிராம் எம்ட்ரிசிட்டபின் இரண்டும் சேர்ந்த ஒரே மாத்திரை, தினம் ஒன்று. வைரஸ் செல்லுக்குள் நுழைந்ததும் தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக நகல் எடுக்க வேண்டும். மணிகளைக் கோப்பது போன்ற வேலை அது. டெனோஃபோவிர் செல்லுக்குள் போய் உருமாறி, துளை அடைபட்ட ஒரு போலி மணியாக அங்கே காத்திருக்கும். அதை எடுத்துக் கோத்துவிட்டால் அடுத்த மணி ஏறாது, மாலை அங்கேயே நின்றுவிடும். வைரஸ் வரும் நேரத்தில் செல்லுக்குள் போலி மணி போதுமான அளவு இருக்க வேண்டும். பிரெப் பற்றிய எல்லாத் தகராறும் இந்த ஒரு நிபந்தனையில்தான்.

புற்றுநோய் பக்கம் பாருங்கள். பெம்ப்ரோலிசுமாப் போன்ற எதிர்ப்பாற்றல் மருந்தை 3 வாரத்துக்கு ஒரு முறை 200 மில்லிகிராம், அரை மணி நேரம் டிரிப்பில் ஏற்றுகிறார்கள். நர்ஸ் ஊசி போட்டு, நேரம் எழுதி, பை காலியானதும் கழற்றுகிறார். அந்தச் சோதனையில் கட்டி சுருங்கவில்லை என்றால் மருந்து சரியில்லை, அல்லது அந்தக் கட்டிக்கு அது பொருந்தவில்லை என்று பேசலாம். மருந்து உடம்புக்குள் போனதா என்ற கேள்வியே எழாது. பிரெப் சோதனையில் எழும் முதல் கேள்வியே அதுதான். நலமாக இருக்கும் ஒருவர், வராத நோய்க்காக, யாரும் பார்க்காத நேரத்தில், வீட்டில் விழுங்க வேண்டிய மாத்திரை இது. அதனால் பிரெப் சோதனை ஒவ்வொன்றும் மருந்தோடு சேர்த்து அந்த வீட்டையும் சோதித்தது.

2010 இல் வந்த ‘ஐபிரெக்ஸ்’ முடிவைத்தான் எல்லாரும் முதலில் கொண்டாடினார்கள். பெரு, ஈக்வடார், பிரேசில், அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா, தாய்லாந்து ஆகிய 6 நாடுகளில் ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களும் திருநங்கைகளுமாக 2,499 பேர். வெற்று மாத்திரை எடுத்த பிரிவில் 64 பேருக்குத் தொற்று, மருந்துப் பிரிவில் 36 பேருக்கு. 44 சதவீதம் குறைவு. பாதிகூட இல்லையே என்று உதட்டைப் பிதுக்கியவர்கள் உண்டு. ஆனால் மருந்துப் பிரிவில் தொற்று வந்த 34 பேரின் ரத்தத்தைப் பார்த்ததில் 3 பேரிடம்தான் மருந்து இருந்தது. தொற்று வராத 43 பேரைப் பார்த்ததில் 22 பேரிடம் இருந்தது. 44 என்பது எடுத்தவர், எடுக்காதவர் எல்லாரையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டி எடுத்த சராசரி.

கென்யாவிலும் உகாண்டாவிலும் நடந்த ‘பார்ட்னர்ஸ் பிரெப்’ ஆய்வில் கதை வேறு. 4,747 ஜோடிகள், ஒருவருக்கு எச்.ஐ.வி. உண்டு, மற்றவருக்கு இல்லை. டெனோஃபோவிர் மட்டும் எடுத்தவர்களில் 67 சதவீதமும், இரண்டும் சேர்ந்ததை எடுத்தவர்களில் 75 சதவீதமும் தொற்று குறைந்தது. தொற்று வராதவர்களின் ரத்த மாதிரிகளில் 82 சதவீதத்தில் மருந்து இருந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் கென்யா, தென்னாப்பிரிக்கா, தான்சானியாவில் 2,120 பெண்களை வைத்து நடந்த ‘ஃபெம்-பிரெப்’ ஆய்வில் மருந்துப் பிரிவில் 33 தொற்று, வெற்று மாத்திரைப் பிரிவில் 35. வித்தியாசமே இல்லாததால் பாதியில் நிறுத்தினார்கள். அங்கேயும் 95 சதவீதம் பேர் ‘வழக்கமாக எடுக்கிறேன்’ அல்லது ‘எப்போதும் எடுக்கிறேன்’ என்றே சொல்லியிருந்தார்கள்.

இரண்டு ஆய்விலும் மாத்திரை ஒன்றுதான். வீடுதான் வேறு. ‘பார்ட்னர்ஸ்’ வீட்டில் மாத்திரை எதற்கென்று இருவருக்கும் தெரியும், ஒளிக்க வேண்டியதில்லை, ஆபத்து யாரிடமிருந்து என்பதும் தெரியும். ‘ஃபெம்-பிரெப்’ பெண்களில் பலர் தங்களுக்கு ஆபத்து அதிகம் இல்லை என்றே நினைத்தார்கள். நினைத்த மாதிரியே நடந்துகொண்டார்கள்.

இனி அந்த ரத்தப் பரிசோதனையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம், ஏனென்றால் பொய்யைப் பிடித்தது அதுதான். விரலில் குத்தி எடுத்த ரத்தத்தை, ஒரு பொட்டுக்கு 25 மைக்ரோலிட்டர் என்ற அளவில், தடித்த வடிதாள் அட்டையில் வைக்கிறார்கள். அறை வெப்பத்தில் நன்றாகக் காய வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தோடு பையில் போட்டால் மாதிரி வீண். காய்ந்ததும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு பையில் மூடி, உறைநிலையில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே பொட்டின் நடுவில் 3 மில்லிமீட்டர் வட்டம் ஒன்றைத் துளைத்து எடுத்து, சிவப்பணுவுக்குள் சேர்ந்திருக்கும் டெனோஃபோவிர் டைபாஸ்பேட்டை, அதாவது அந்தப் போலி மணியை, அளக்கிறார்கள். அது பாதியாகக் குறைய ஏறக்குறைய 17 நாள் ஆகும். அதனால் நேற்று எடுத்ததை மட்டும் காட்டாமல், கடந்த ஒன்றிரண்டு மாதப் பழக்கத்தையே அது சொல்லிவிடும். நம் ஊரில் சர்க்கரைக்காரர்களுக்கு எடுக்கும் மூன்று மாதச் சராசரி டெஸ்ட்டுக்குச் சொந்தக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். டெஸ்ட்டுக்கு முந்தின நாள் பட்டினி கிடந்து சுகரைக் குறைத்துக் காட்டுவது போல, கிளினிக் தேதிக்கு இரண்டு நாள் முன்பு மாத்திரை போட்டுக்கொண்டு வருபவர்கள் இங்கேயும் உண்டு. ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் மட்டும் பார்த்தால் அவர்கள் தேறிவிடுவார்கள். காய்ந்த பொட்டில் மாட்டிக்கொள்வார்கள்.

ஒரு துளைக்கு 700 ஃபெம்டோமோலுக்கு (மிக நுண்ணிய அளவு இது) மேல் இருந்தால் வாரத்துக்கு 4 மாத்திரை அல்லது அதற்கு மேல் என்று பொருள். இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு ‘ஐபிரெக்ஸ்’ காரர்களையே வெற்று மாத்திரை இல்லாமல் தொடர்ந்து பார்த்தார்கள். முடிவு 2014 இல் வந்தது. ரத்தத்தில் மருந்தே இல்லாதபோது ஆண்டுக்கு 100 பேரில் 4.7 தொற்று. வாரத்துக்கு 2 மாத்திரைக்கும் குறைவு என்றால் 2.3. இரண்டு, மூன்று என்றால் 0.6. நான்குக்கு மேல் என்றால் பூஜ்ஜியம்.

தினமும் எடுக்கச் சொல்லிவிட்டு நான்கு போதும் என்று சொல்லலாமா என்று மருத்துவர்கள் தயங்குவார்கள். சொல்லலாம், ஆனால் யாரிடம் என்பது முக்கியம். மலக்குடல் திசுவில் டெனோஃபோவிர் தாராளமாகச் சேரும், யோனித் திசுவில் அதைவிடப் பல மடங்கு குறைவாகவே சேரும். அதனால் ஆண்களுக்குக் கிடைத்த சலுகை பெண்களுக்குக் கிடையாது என்று நீண்ட நாள் நினைத்திருந்தார்கள். 2024 இல் 6,296 பெண்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்ததில், தினமும் தவறாமல் எடுத்தவர்களில் தொற்றே இல்லை. வாரம் 4 முதல் 6 வரை விடாமல் எடுத்தவர்களில் ஆண்டுக்கு 100 பேரில் 0.13. நன்றாக ஆரம்பித்துப் போகப்போகக் குறைத்தவர்களில் 0.49, ஆரம்பம் முதலே குறைவாக எடுத்தவர்களில் 1.27. ஆக, பெண்களுக்கும் ஓரிரு நாள் தவறினால் குடி முழுகிப்போகாது. ஆனால் தினமும் என்ற குறியை வைத்துக்கொண்டு தவறுவதும், நான்கு போதும் என்று குறியையே கீழே இறக்கிவிட்டுத் தவறுவதும் ஒன்றல்ல. நான்கை இலக்காக வைத்தவர் இரண்டில் போய் நிற்பார்.

தினமும் வேண்டாம், தேவைப்படும்போது போதும் என்பவர்களுக்கு 2-1-1 கணக்கு உண்டு. உறவுக்கு 2 முதல் 24 மணி நேரம் முன்பு 2 மாத்திரை, முதல் தவணையிலிருந்து 24 மணி நேரம் கழித்து 1, 48 மணி நேரம் கழித்து 1. பிரான்சிலும் கனடாவிலும் நடந்த ‘இப்பர்கே’ ஆய்வில் இது 86 சதவீதம் தொற்றைக் குறைத்தது. பிறப்பால் ஆணாகப் பதிவானவர்களில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் எடுக்காதவர்களுக்கு மட்டும்தான் இது. பெண்களுக்கு இல்லை, அவர்கள் 7 நாள் தொடர்ந்து எடுத்த பிறகே பாதுகாப்பு வந்ததாகக் கணக்கு, கடைசி உறவுக்குப் பிறகும் 7 நாள் தொடர வேண்டும். ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்களும் 2-1-1 பக்கம் போகக்கூடாது. டெனோஃபோவிர் அந்த வைரஸையும் அடக்கி வைத்திருக்கும். விட்டு விட்டு எடுத்தால் கல்லீரல் அழற்சி திடீரென்று கிளம்பும்.

இப்போது அந்தப் பொய்க்கு வருவோம்.

மாத்திரை டப்பா குலுங்கும். 30 மாத்திரை கொண்ட பிளாஸ்டிக் டப்பாவைக் கைப்பையில் போட்டு நடந்தால் ஜல் ஜல் என்று சத்தம் வரும். எச்.ஐ.வி. பரவலாக உள்ள ஊர்களில் அந்தச் சத்தம் எல்லாருக்கும் தெரிந்த சத்தம், அதே மருந்து சிகிச்சைக்கும் கொடுக்கப்படுவதால். மாமியார் கண்ணில் பட்டால் ‘உனக்கு நோய் வந்துவிட்டது’, கணவன் கண்ணில் பட்டால் ‘என்னைச் சந்தேகப்படுகிறாயா’ அல்லது ‘நீ எங்கே போய் வருகிறாய்’. இத்தனைக்கும் பதில் சொல்வதைவிடக் கழிவறையில் கொட்டிவிடுவது எளிது. ஆய்வை விட்டே போய்விடலாமே என்றால், அங்கே இலவசப் பரிசோதனை, போக்குவரத்துப் பணம், மரியாதையாகப் பேசும் நர்சுகள் எல்லாம் இருந்தன. மாத்திரை போடவில்லை என்று சொன்னால் அதெல்லாம் போய்விடுமோ என்ற பயம். தண்டனை இல்லை என்று தெரியாத இடத்தில் யாரும் உண்மை பேசமாட்டார்கள். ‘போன வாரம் தினமும் போட்டீர்களா’ என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். ‘எல்லாருக்கும் சில நாள் தவறும். போன வாரம் உங்களுக்கு எத்தனை நாள் தவறியது’ என்று கேட்டால் எண்ணிக்கை வரும். கேள்வியை மாற்றுவதற்குக் காசு செலவில்லை.

டப்பாச் சத்தத்துக்குப் பஞ்சு வைத்தால் போதும். ஒரு வாரத்துக்கானதை மட்டும் சின்ன டப்பிக்கு மாற்றி, மீதியை ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு அசல் டப்பாவிலேயே மூடி வைக்கலாம். வெளியில் இரவு தங்க நேர்ந்தால் என்று பர்சில் இரண்டு மாத்திரை இருக்கட்டும். சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்ற கவலை இல்லை, எப்படியும் எடுக்கலாம். மறந்தால் நினைவு வந்ததும் ஒன்று, மறுநாள் இரண்டாகப் போட்டு ஈடுகட்டக் கூடாது. பல் துலக்குவது, ராத்திரி செல்போனைச் சார்ஜில் போடுவது போல ஏற்கெனவே தவறாத ஒரு வேலையோடு கட்டிவிட்டால் அலாரத்தைவிட நன்றாக நிற்கும். அலாரம் அடிக்கும்போது பக்கத்தில் யார் இருப்பார்கள் என்று சொல்ல முடியாதே.

விட்டுப்போவது பெரும்பாலும் முதல் மாதத்தில்தான். குமட்டல், வயிற்று உப்புசம், தலைவலி என்று பத்துப் பேரில் ஒருவருக்கு வரும், சில வாரங்களில் தானாக அடங்கும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், ‘மருந்து ஒத்துக்கொள்ளவில்லை’ என்று மூன்றாம் நாளே நிறுத்திவிடுவார்கள். அதனால்தான் முதல் சீட்டு ஒரு மாதத்துக்கு, பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை.

ஆரம்பிக்கும்முன் எச்.ஐ.வி. பரிசோதனை கட்டாயம், இது சடங்கு இல்லை. தொற்று வந்து சில நாளே ஆனவருக்கு ஆன்டிபாடி டெஸ்ட் நெகட்டிவ் காட்டும். அவருக்கு இந்த மாத்திரையைக் கொடுத்தால் இரண்டு மருந்தை மட்டும் வைத்துச் சிகிச்சை செய்வதாக ஆகிவிடும், வைரஸ் எதிர்ப்பு பெற்றுவிடும். ‘ஐபிரெக்ஸ்’ ஆய்வில் எம்ட்ரிசிட்டபினுக்கு எதிர்ப்பு காணப்பட்ட 3 பேரும் சேரும்போதே தொற்றோடு வந்து, டெஸ்ட்டில் பிடிபடாமல் போனவர்கள். கடந்த மாதத்தில் காய்ச்சல், தொண்டை வலி, உடம்பில் தடிப்பு, கழுத்தில் நெறி கட்டியது என்று சொன்னால் ஆரம்பிப்பதைத் தள்ளிவைத்து மறுபடி டெஸ்ட் எடுக்க வேண்டும். சிறுநீரகம் கிரியேட்டினின் என்ற கழிவை வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 60 மில்லிலிட்டருக்குக் குறைந்தால் இந்த மாத்திரை வேண்டாம். மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் டைக்லோஃபினாக் வாங்கி மாதக்கணக்கில் போடுபவர்கள் அதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும், சிறுநீரகத்துக்கு இரட்டை அடி. ஹெபடைட்டிஸ் பி டெஸ்ட் ஏன் என்பதை மேலேயே சொல்லிவிட்டேன்.

ஒன்றை அடிக்கடி மறந்துவிடுகிறோம். ரத்த அழுத்த மாத்திரை போல இது ஆயுளுக்கும் உரியதல்ல. கென்யாவிலும் உகாண்டாவிலும் 1,013 ஜோடிகளிடம் பிரெப்பை ஒரு பாலமாகப் பயன்படுத்தினார்கள். தொற்று உள்ளவர் சிகிச்சை தொடங்கி 6 மாதம் ஆகும்வரை மற்றவருக்குப் பிரெப், பிறகு நிறுத்தம். ஏறக்குறைய 40 தொற்று வந்திருக்க வேண்டிய இடத்தில் 2 வந்தது, அந்த இரண்டு பேரின் ரத்தத்திலும் அப்போது டெனோஃபோவிர் இல்லை. இங்கே நிறுத்தியவர்கள் யாரும் தோற்கவில்லை. ஆபத்து இருந்த காலத்தில் எடுத்தார்களா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

விழுங்கும் வேலையையே எடுத்துவிட்டால்? 2 மாதத்துக்கு ஒரு முறை பிட்டத்தில் போடும் 600 மில்லிகிராம் கபோடெக்ராவிர் ஊசிக்கு 2021 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அடுத்து, 6 மாதத்துக்கு ஒரு முறை போடும் லெனகாபவிர் ஊசி. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் 16 முதல் 25 வயதுப் பெண்களிடம் நடந்த ‘பர்ப்பஸ் 1’ ஆய்வின் அமைப்பு கவனிக்கத்தக்கது. எல்லாருக்கும் ஊசியும் உண்டு, தினசரி மாத்திரையும் உண்டு. இரண்டில் ஒன்று மட்டும்தான் உண்மை மருந்து, எது என்று யாருக்கும் தெரியாது. அதே கிளினிக், அதே நர்ஸ், அதே டப்பாச் சத்தம். லெனகாபவிர் ஊசி பெற்ற 2,134 பேரில் ஒருவருக்கும் தொற்று இல்லை. டெனோஃபோவிர்-எம்ட்ரிசிட்டபின் மாத்திரை பெற்ற 1,068 பேரில் 16 பேருக்கு வந்தது, டெனோஃபோவிரின் புதிய வடிவம் சேர்ந்த மாத்திரை பெற்ற 2,136 பேரில் 39 பேருக்கு. அந்த மாத்திரைப் பிரிவுகளின் ரத்தப் பொட்டுகளைப் பார்த்தால் ‘வாய்ஸ்’ காலத்துப் பழைய கதைதான், மாதம் போகப்போக மருந்து இறங்கிக்கொண்டே போனது. லெனகாபவிருக்கு 2025 ஜூனில் அமெரிக்க ஒப்புதல், ஜூலையில் உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை.

ஊசி வந்ததும் பிரச்சினை தீர்ந்தது என்று எழுதுபவர்கள் முறையைப் படித்துப் பார்ப்பதில்லை. முதல் நாள் வயிற்றில் அல்லது தொடையில், தோலுக்கு அடியில் 1.5 மில்லிலிட்டர் வீதம் 2 ஊசி, மொத்தம் 927 மில்லிகிராம். கூடவே 300 மில்லிகிராம் மாத்திரை 2. மறுநாள் வீட்டில் இன்னும் 2 மாத்திரை. ஊசி மருந்து தோலடியில் தேங்கி மெதுவாகத்தான் கசியும், ரத்தத்தில் அளவு ஏறும்வரை இடைவெளியை அடைப்பது அந்த 4 மாத்திரைகள். ஆக, வீட்டில் யாரும் பார்க்காமல் விழுங்க வேண்டிய மாத்திரை இங்கேயும் இரண்டு மிச்சம் இருக்கிறது. மறந்தால் நினைவு வந்ததும் எடுக்க வேண்டும். முதல் நாள் மாத்திரையையும் இரண்டாம் நாள் மாத்திரையையும் ஒரே நாளில் சேர்த்து எடுக்கக் கூடாது. மறுநாள் ஒரு போன் போட்டுக் கேட்பது கிளினிக்கின் வேலை.

ஊசி போட்ட இடத்தில் தொட்டால் தெரியும் கட்டி ஒன்று நிற்கும். ‘பர்ப்பஸ் 1’ பெண்களில் 60 சதவீதத்துக்கு மேல் அது இருந்தது. மருந்து அங்கேதான் தேங்கியிருக்கிறது, அழுத்தித் தேய்க்க வேண்டாம், அடுத்தடுத்த ஊசிகளில் குறையும் என்று முன்பே சொல்லிவிட்டால் யாரும் பயப்படமாட்டார்கள். தோலுக்கு உள்ளேயே மேலாகக் குத்திவிட்டால் புண்ணாகிவிடும், ஊசி போடுபவருக்குப் பயிற்சி வேண்டும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் ஆரம்பித்தால் லெனகாபவிர் அளவு இறங்கிவிடும், கூடுதல் ஊசியும் மாத்திரையும் தேவைப்படும். டெனோஃபோவிர் மாத்திரைக்கு இந்தத் தொல்லை இல்லை. காசநோய் மலிந்த நாடுகளில் இது ஓரக்குறிப்பாக இருக்கக் கூடாது, சீட்டின் முதல் வரியில் இருக்க வேண்டும்.

நிறுத்தினாலும் மருந்து உடனே போகாது, ஓர் ஆண்டுக்கு மேலும் கொஞ்சம் கொஞ்சமாக இருக்கும். தடுக்கப் போதாத, ஆனால் வைரஸுக்குப் பழக்கம் கொடுக்கப் போதுமான அளவு அது. இதே ஊசியின் இன்னொரு ஆய்வான ‘பர்ப்பஸ் 2’ இல் லெனகாபவிர் பெற்ற 2,179 பேரில் தொற்று வந்த இருவரிடமுமே அந்த மருந்துக்கு எதிர்ப்பு தரும், என்74டி என்ற வைரஸ் மரபணு மாற்றம் இருந்தது. ஊசியை நிறுத்துபவருக்கு ஆபத்து தொடர்ந்தால் மாத்திரைக்கு மாற்ற வேண்டும், சும்மா அனுப்பக் கூடாது.

அமெரிக்காவில் இதன் பட்டியல் விலை ஆண்டுக்கு 28,218 டாலர். ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸும் ஹெட்டரோவும் 2027 முதல் 120 நாடுகளுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 40 டாலருக்குத் தருவதாக 2025 செப்டம்பரில் அறிவிப்பு வந்திருக்கிறது. விலை இறங்கினால் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் தேதி தவறும். அடுத்த ஊசி 26 வாரத்தில், இரண்டு வாரம் முன்பின் இருக்கலாம். ஆறு மாதத்தில் சிம் மாறும், வாடகை வீடு மாறும், வேலைக்கு வேறு ஊர் போவார்கள். வர முடியாது என்று முன்பே தெரிந்தால் வாரம் ஒரு 300 மில்லிகிராம் மாத்திரை கொடுத்து 6 மாதம்வரை ஓட்டலாம். ஒன்றும் சொல்லாமல் 28 வாரம் தாண்டிவிட்டால் எச்.ஐ.வி. டெஸ்ட் எடுத்து, நெகட்டிவ் என்றால் மறுபடி முதல் நாள் 2 ஊசி, 2 மாத்திரை, மறுநாள் வீட்டில் 2.